ஐந்து கட்டையில் பாடும் கரண்ட்

ஒரகடத்தில் இருந்து வாலாஜாபாத் போகிற சாலையில் எப்போதாவது பயணம் செய்திருக்கிறீர்களா? இந்தப் பக்கம் கன்டெய்னர் லாரி, அந்தப் பக்கம் ஷிஃப்டுக்கு ஆள் ஏற்றிப் போகிற கம்பெனி பஸ். நடுவில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பைக்கில் போகிற நம்ம ஆட்கள். ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜாவின் பெயரைத் தாங்கிய ஊர் வாலாஜாபாத். ஒரு காலத்தில் கும்பினியாரின் ராணுவ முகாம். (ராணிப்பேட்டை பக்கத்தில் இருக்கிற வாலாஜாபேட்டையோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். பஸ் ஏறும்போது பலர் குழம்பியிருக்கிறார்கள்!) இன்றைக்கு அந்தச் சாலை கார், லாரி, மோட்டார் சைக்கிள், டயர், கண்ணாடி என்று எதையெதையோ செய்து தள்ளுகிறது.

அதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. இந்த வட்டாரத்தில், வல்லம் வடகாலில், யமஹா மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை 2015-ல் ஓட ஆரம்பித்தது. நாலு வருஷம் கழித்து, 2019-ல், அதே பெயரில் ஒரு வாத்தியத் தொழிற்சாலையும் ஒரகடத்துப் பக்கம் வந்துவிட்டது. கீபோர்டு, கிடார் எல்லாம் அங்கே தயாராகின்றன. இரண்டுக்கும் சின்னம் ஒன்றுதான். அடுத்த முறை யமஹா பைக்கைப் பார்க்கும்போது டேங்க்கில் இருக்கும் முத்திரையை உற்றுப் பாருங்கள். குறுக்கும் நெடுக்குமாக மூன்று இசைக்கவைகள். ஸ்கூல் லேபில் ரப்பர் கட்டையில் தட்டி, காதருகே வைத்துக் கேட்டோமே, அதே கவை! 1887-ல் ஜப்பானின் ஹமாமட்சு நகரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் ரிப்பேரான ஆர்மோனியம் மாதிரி ஒரு வாத்தியத்தைச் சரிசெய்யப் போன டொராகுசு யமஹா, 'இதை நாமே செய்தால் என்ன?' என்று நினைத்ததில் ஆரம்பித்த கம்பெனி அது. மோட்டார் சைக்கிள் எல்லாம் 1955-ல் வந்த தம்பி.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சாதாரண மரக் கிடாருக்கு ஒரு நல்ல குணம் உண்டு. நீங்கள் சும்மா இருந்தால் அதுவும் சும்மா இருக்கும். எலெக்ட்ரிக் கிடார் அப்படி இல்லை. ஆம்ப்ளிஃபயரில் செருகி, ஸ்விட்சைப் போட்ட நிமிஷத்தில், நீங்கள் கம்பியைத் தொடாமலே 'ம்ம்ம்ம்ம்' என்று ஒரு முனகல் கேட்கும். ஏதோ பழுது என்று நினைப்பீர்கள். பழுதில்லை. முனகுவது கிடாரும் இல்லை. முனகுவது கரண்ட்!

நம் வீட்டுக்கு வரும் மின்சாரம் ஒரு நொடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாக அலைகிறது. 50 ஹெர்ட்ஸ். இதைச் சங்கீத பாஷையில் சொன்னால் என்ன ஸ்ருதி தெரியுமா? மேற்கத்திய 'ஜி' ஸ்வரத்தின் அடியாழத்து வடிவம் 49 ஹெர்ட்ஸ். அதாவது நம்ம கணக்கில் ஐந்து கட்டை! கரண்ட் அதற்கு ஒரு மயிரிழை மேலே நின்று பாடுகிறது. ஐந்து கட்டையில் பாடுகிற நம் பாடகிகளுக்கு மின்வாரியமே தம்புரா போடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்களேன். அமெரிக்காவில் இந்த சௌகரியம் கிடையாது. அங்கே 60 ஹெர்ட்ஸ். அது எந்தக் கட்டையிலும் சேராமல் இரண்டு ஸ்வரங்களுக்கு நடுவே தொங்கும் அபஸ்வரம்.

இன்னொரு கூத்து. தென்னிந்திய மின்தொகுப்பு நாட்டின் மற்ற பகுதிகளோடு முழுமையாக இணைந்தது 2013 டிசம்பர் 31 அன்றுதான். அதற்கு முன்னால், தேவை எகிறி உற்பத்தி திணறிய காலங்களில், 50 என்பது ஏட்டில் மட்டும்தான். 49-க்கு இறங்கும், சில நாள் அதற்கும் கீழே. அப்படி இறங்கின சமயங்களில் நம்ம கரண்ட் சுத்தமான ஐந்து கட்டையில் நின்றிருக்கிறது என்பதை யாரும் கவனித்துப் பாராட்டவில்லை. பாவம்.

இந்த முனகல் எப்படிக் கிடாருக்குள் நுழைந்தது? அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1920-களின் அமெரிக்கா. டிரம்பெட்டும் சாக்ஸஃபோனுமாகப் பெரிய பெரிய வாத்தியக் கோஷ்டிகள். நடுவில் ஒரு ஓரமாக கிடார்காரர். அவர் வாசிப்பது அவருக்கே கேட்காது. நம்ம ஊர் நாதஸ்வரக் கச்சேரிக்கு நடுவே ஒருவர் வீணையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் எப்படி இருக்கும்? அந்தக் கதி. லாஸ் ஏஞ்சலிஸில் ஜார்ஜ் பியூஷாம்ப் என்ற கிடார்காரர் இதற்கு ஒரு வழி தேடினார். கம்பியின் கீழே ஒரு காந்தம். காந்தத்தை ஒட்டி, தலைமுடியை விட மெல்லிய செப்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றிய ஒரு காயில். மேலே இரும்புக் கம்பி அதிர்ந்தால் காந்தப்புலம் ஆடும். புலம் ஆடினால் காயிலில் கரண்ட் பிறக்கும். 1831-ல் ஃபாரடே கண்டுபிடித்துச் சொன்ன அதே சங்கதி. ஒரகடத்துச் சாலையில் ஓடும் பைக்கின் பேட்டரியைச் சார்ஜ் செய்வதும் இதே தத்துவம்தான்.

1931-ல் மாதிரி தயார். அடுத்த வருஷம் அடால்ஃப் ரிக்கன்பேக்கரோடு சேர்ந்து விற்பனைக்கே விட்டுவிட்டார். பார்க்க வாணலி மாதிரி இருந்ததால் அதற்கு 'வறுக்கும் சட்டி' என்றே பெயர் வந்தது. காப்புரிமை கிடைத்தது 1937-ல். அதற்குள் ஊரில் ஆளாளுக்கு எலெக்ட்ரிக் கிடார் செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். கண்டுபிடித்தவர்களின் வழக்கமான தலையெழுத்து!

பியூஷாம்பின் காயிலுக்கு ஒரு குணம் உண்டு. அதற்குக் கம்பி, கரண்ட் என்ற பேதம் கிடையாது. எந்தக் காந்தப்புலம் ஆடினாலும் அது பாட ஆரம்பித்துவிடும். பக்கத்தில் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறதா? பாடும். டியூப் லைட் சோக்? பாடும். ரெகுலேட்டர் வைத்த மின்விசிறி? அதுவும் சேர்ந்து பாடும். கோயில் திருவிழாவில் மெல்லிசைக் குழு மேடையைப் பார்த்திருப்பீர்கள். சுற்றிலும் சீரியல் செட், தலைக்கு மேல் வரிசையாக டியூப் லைட், பின்னால் ஜெனரேட்டர். அந்த மேடையில் கிடார் வாசிக்கிறவர் ஏன் பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே அவசரமாக வால்யூம் திருகைக் குறைக்கிறார் என்று இப்போது புரிகிறதா?

இந்த முனகலை அடக்க மனிதர்கள் மூன்று வழிகளில் போனார்கள். ஒன்று புத்திசாலித்தனமானது. ஒன்று ஆளைக் கொல்வது. இன்னொன்றுதான் இந்தக் கட்டுரையின் நாயகன்.

புத்திசாலித்தனமான வழி, கிப்ஸன் கம்பெனியில் வேலை பார்த்த சேத் லவர் என்ற என்ஜினீயருடையது. 1955-ல் அவர் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். ஒரு காயிலுக்குப் பதில் இரண்டு. ஒன்றை இடமாகச் சுற்று, இன்னொன்றை வலமாகச் சுற்று. வெளியில் இருந்து வரும் முனகல் இரண்டிலும் எதிரெதிராக நுழைந்து ஒன்றையொன்று அடித்துக்கொண்டு செத்துவிடும். அப்படியானால் கம்பியின் ஒலியும் செத்துவிடாதா? அங்கேதான் அவருடைய மூளை. இரண்டு காயிலுக்கும் காந்தத்தின் முனைகளையும் மாற்றி வைத்தார். முனகல் கழிந்துவிடும், இசை கூடிவிடும்! 'ஹம்பக்கர்' என்று அதற்குப் பெயர். காப்புரிமை கையில் வர 1959 ஆகிவிட்டது. அதுவரை 'விண்ணப்பிக்கப்பட்டுள்ளது' என்று சீட்டு ஒட்டி விற்றார்கள். அந்தச் சீட்டு உள்ள பழைய காயில்களுக்கு இன்றைக்குச் சேகரிப்பாளர்கள் கொடுக்கிற விலையைக் கேட்டால் மயக்கம் வரும்.

அப்படியானால் பிரச்னை தீர்ந்ததா? ம்ஹூம். ஒற்றைக் காயிலின் பளிச்சென்ற குரல் இரட்டைக் காயிலில் வராது என்று பாதிப் பேர் பழசையே கட்டிக்கொண்டு அழுதார்கள். இன்னமும் அழுகிறார்கள்.

ஆளைக் கொல்லும் வழியைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். ஏனென்றால் இது நம் வீடுகளிலும் நடக்கிறது. இரண்டு கருவிகளை வெவ்வேறு பாயின்ட்டில் செருகி, ஒயரால் இணைத்தால், எர்த் கம்பி வழியாகவே ஒரு வளையம் உண்டாகி முனகல் வரும். யாரோ ஒரு அதிமேதாவி பிளக்கின் மூன்றாவது முள்ளைக் கழற்றிவிடுகிறார். அல்லது டூ-பின் அடாப்டர் போட்டுவிடுகிறார். முனகல் டக்கென்று நின்றுவிடும். எல்லோரும் கைதட்டுவார்கள். அந்த முள் எதற்கு இருந்தது? கருவியின் உள்ளே ஒரு ஒயர் விட்டுப்போய் உடம்பைத் தொட்டால், கரண்ட்டைத் தரைக்கு இழுத்துக்கொண்டு போக. அது இல்லாவிட்டால் தரைக்குப் போகிற பாதை வாசிக்கிறவரின் உடம்புதான்! ஒரு கை கிடார் கம்பியில், உதடு மைக்கில்.

1972 மே 3. பிரிட்டனின் ஸ்வான்ஸீ நகரம். 'ஸ்டோன் த க்ரோஸ்' குழுவின் கிடார்காரர் லெஸ் ஹார்வி, எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டார். மேடையிலேயே, ரசிகர்கள் கண்முன்னே விழுந்து இறந்தார். வயது 27. நாலு வருஷம் கழித்து, 1976 மே மாதம், 'யார்ட்பேர்ட்ஸ்' குழுவின் பாடகர் கீத் ரெல்ஃப். தன் வீட்டிலேயே, சரியாக எர்த் செய்யப்படாத கருவியில் வாசித்துக்கொண்டிருந்தபோது போய்விட்டார். முப்பத்து மூன்று வயது. உங்கள் பையன் கிடார் கற்றுக்கொள்கிறானா? இந்தக் கட்டுரையில் மற்ற எல்லாவற்றையும் மறந்தாலும் பரவாயில்லை, அந்த மூன்றாவது முள்ளை மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

மூன்றாவது வழிக்குப் போவதற்கு முன் ஒரு விஷயம். முனகல் ஏன் இவ்வளவு பெரிய தலைவலி ஆனது? சத்தத்தைக் கிழிக்க ஆரம்பித்ததால்! 1951-ல் 'ராக்கெட் 88' பதிவுக்காக மெம்ஃபிஸ் போகிற வழியில் ஆம்ப்ளிஃபயர் அடிபட்டு, கரகரவென்று ஒலித்தது. அது நன்றாக இருக்கிறதே என்று அப்படியே பதிவு செய்தார்கள். 1964-ல் 'கிங்க்ஸ்' குழுவின் டேவ் டேவிஸ் பிளேடால் ஸ்பீக்கர் காகிதத்தையே கிழித்துவிட்டு வாசித்தார். கிழிந்த சத்தத்தைப் பெட்டியிலேயே அடைத்தும் விற்றார்கள். கிழிப்பதற்கு, வருகிற சிக்னலை நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு பெருக்க வேண்டும். இசையோடு முனகலும் அதே அளவு பெருகும். இசை ஒரு உச்சத்தில் முட்டி நின்றுவிடும். முனகல் மட்டும் கீழிருந்து ஏறிக்கொண்டே வரும். கடைசியில் வாசிப்பதற்கும் சும்மா இருப்பதற்கும் சத்தத்தில் வித்தியாசமே இருக்காது.

இங்கேதான் வருகிறது நாய்ஸ் கேட். பெயர் சொல்கிற மாதிரியே அது ஒரு கேட். ஒரகடத்துக் கம்பெனி கேட்டில் நிற்கிற செக்யூரிட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் இசை தெரிந்தவர் இல்லை. அவருக்கு ராகம், தாளம் எதுவும் வேண்டாம். அவர் பார்ப்பது ஒன்றே ஒன்று: உயரம். இந்த உயரத்துக்கு மேல் இருந்தால் உள்ளே போ. குறைந்தால் கேட்டைச் சாத்து. முனகல் குள்ளம், இசை உயரம். வாசிக்கும்போது கேட் திறக்கும், கையை எடுத்தால் மூடும். நிசப்தம்!

1970 வாக்கில் பால் பஃப் என்பவரின் அல்லிசன் ரிசர்ச் கம்பெனி 'கெபெக்ஸ்' என்று ஒரு பெட்டி விட்டது. ஸ்டுடியோக்களில் கேட் பரவியதற்கு அது ஒரு முக்கியக் காரணம். இந்த பால் பஃப் ஒரு ரசமான ஆசாமி. கலிஃபோர்னியாவில் கையாலேயே கருவிகள் செய்து ஒரு சின்ன ஸ்டுடியோ நடத்தியவர். 1964-ல் அதை ஃபிராங்க் ஸப்பாவுக்கு விற்றார். ஸப்பா பிறகு எவ்வளவு பெரிய ஆள் ஆனார் என்று ராக் ரசிகர்களைக் கேளுங்கள்.

ஆனால் இரைச்சலை அடக்கிய கதையில் பெரிய திருப்பம் கலிஃபோர்னியாவில் வரவில்லை. இந்தியாவில் வந்தது! சினிமா தியேட்டரில் 'டால்பி' என்று பார்த்திருப்பீர்கள். அது ஒரு மனிதரின் பெயர். ரே டால்பி. கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் வாங்கியவர், 1963-ல் யுனெஸ்கோ ஆலோசகராக இந்தியா வந்தார். சண்டிகரைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய அறிவியல் கருவிகள் நிறுவனத்தில் இரண்டு வருஷம் வேலை. நம்ம சங்கீதத்தை டேப்பில் பதிவு செய்வதில் அவருக்கு ஆசை. அந்தக் காலத்து டேப்பில் ஓயாமல் ஒரு 'ஸ்ஸ்ஸ்' கேட்கும். தம்புரா மட்டும் மெல்ல ஒலிக்கும் ஆலாபனையில் அந்த 'ஸ்ஸ்ஸ்' எப்படிக் கேட்கும்? காதில் ஊசி மாதிரி. இந்தியாவில் இருந்த நாட்களில்தான் அவருக்கு அந்த யோசனை தோன்றியது. சத்தமான இடங்களில் இரைச்சல் நம் காதில் விழுவதே இல்லை. மெல்லிய இடங்களில்தான் தொல்லை. அதனால் பதியும்போது மெல்லிய ஒலிகளை மட்டும் தூக்கிப் பதிந்துகொள். கேட்கும்போது அதே அளவு இறக்கிவிடு. இசை பழைய இடத்துக்கு வந்துவிடும். டேப்பின் இரைச்சல் சேர்ந்து இறங்கிவிடும். 1965-ல் லண்டன் போய்க் கம்பெனி ஆரம்பித்தார். அடுத்த வருஷமே டெக்கா ரிக்கார்டு கம்பெனி வாங்கிக்கொண்டது.

டால்பியும் கேட்டும் ஒன்றில்லை. டால்பி மெல்லிய ஒலியைக் காப்பாற்ற முயல்கிறது. கேட்டுக்கு அந்தக் கரிசனம் கிடையாது. மெல்லியதா? வெளியே போ!

முரட்டுத்தனமான இந்தக் கேட் ஒரு விபத்தில் புகழ் அடைந்ததும் நடந்திருக்கிறது. 1979, லண்டன் டவுன்ஹவுஸ் ஸ்டுடியோ. பீட்டர் கேப்ரியலின் மூன்றாவது ஆல்பம் பதிவாகிறது. டிரம்ஸில் ஃபில் காலின்ஸ். உள்ளே இருப்பவர்கள் பேசுவது கேட்பதற்காகக் கூரையில் ஒரு மைக். மெல்லப் பேசினாலும் கேட்கிற மாதிரி எல்லாவற்றையும் நசுக்கிக் கொடுக்கும் மைக். அது திறந்திருக்கும்போது காலின்ஸ் டிரம்ஸைத் தட்டிவிட்டார். இடி! என்ஜினீயர் ஹியூ பாட்கம் அதோடு ஒரு கேட்டையும் சேர்த்தார். அறையின் எதிரொலி பொங்கி எழுந்து, கத்தியால் வெட்டின மாதிரி சடக்கென்று நின்றது. 1981-ல் காலின்ஸின் சொந்தப் பாட்டிலும் அந்தச் சத்தம் வந்தது. அப்புறம் எண்பதுகள் முழுக்க உலகத்தில் டிரம்ஸ் என்றால் இப்படித்தான் ஒலிக்கும் என்று ஆகிவிட்டது.

கிடார்காரர்களின் காலடிக்குக் கேட் சின்னப் பெட்டியாக வந்துசேர்ந்தது. 1987-ல் பாஸ் கம்பெனி விட்ட என்.எஸ்-2 பிரபலமானது. இப்போது எல்லா டிஜிட்டல் பெட்டிகளிலும், கம்ப்யூட்டரிலும், ஏன், செல்போனிலும்கூட இருக்கிறது. திருகுகள் நாலைந்துதான். அதைத் திருகுவதில்தான் ஆயிரம் சண்டை.

முதல் திருகு அந்த உயர அளவு. ஆம்ப்ளிஃபயரையும் கிழிப்புப் பெட்டியையும் நீங்கள் வாசிக்கப்போகிற சத்தத்திலேயே வைத்துவிட்டு, கம்பியின் மேல் கையை வைத்து அமுக்கிக்கொண்டு, மெல்ல ஏற்றுங்கள். முனகல் எங்கே நிற்கிறதோ, அங்கிருந்து ஒரு துளி ஏற்றி நிறுத்துங்கள். பேராசைப்பட்டு மேலே போனால் மெல்லிய ஸ்வரங்களையே செக்யூரிட்டி உள்ளே விடமாட்டார். அடுத்தது, கேட் எவ்வளவு சீக்கிரம் திறக்க வேண்டும். ஒன்றிரண்டு மில்லி செகண்ட் போதும். தாமதமானால் மீட்டலின் முதல் சொடுக்கு தொலைந்துவிடும். மூன்றாவது, மூடும் வேகம். தாரை தப்பட்டை மாதிரி விட்டு விட்டு அடிக்கிற மெட்டல் இசைக்கு உடனே மூட வேண்டும். நீட்டி முழக்கும் தனி வாசிப்புக்கு மெதுவாக. மூடுவதா, திறப்பதா என்று தயங்கினால் கேட் படபடவென்று அடித்துக்கொள்ளும். அதற்குச் சற்று நேரம் பொறுத்து மூடச் சொல்லும் இன்னொரு திருகு.

கிழிப்புப் பெட்டிக்குப் பின்னால் போய் நின்றால் முனகலும் இசையும் ஒரே உயரத்தில் வரும், செக்யூரிட்டி குழம்பிவிடுவார். அதனால் என்.எஸ்-2 மாதிரிப் பெட்டிகளில் ஒரு தந்திரம். கண்ணை கிடாருக்குப் பக்கத்தில் வை, கதவைக் கிழிப்புப் பெட்டிக்குப் பின்னால் வை!

ஒன்றை மட்டும் பெட்டி விற்கிறவர்கள் சத்தமாகச் சொல்வதில்லை. கேட் முனகலை நீக்குவதே இல்லை. நீங்கள் வாசிக்கும்போது கேட் திறந்திருக்கிறது; முனகலும் உள்ளே வந்துகொண்டுதான் இருக்கிறது. இசையின் சத்தத்தில் உங்களுக்குக் கேட்பதில்லை, அவ்வளவுதான். ஆகவே கேட்டுக்குப் போவதற்கு முன்னால் டியூப் லைட்டை அணையுங்கள், ஆம்ப்ளிஃபயரை விட்டு நாலடி தள்ளி நில்லுங்கள், அப்படியே நின்ற இடத்தில் மெல்லத் திரும்பிப் பாருங்கள். ஒரு திசையில் முனகல் பாதியாகும். காசு செலவில்லாத வைத்தியம்.

நம்ம சங்கீதத்துக்கு இந்தக் கேட் சரிப்படுமா? மாண்டலின் ஸ்ரீனிவாஸை நினைத்துக்கொள்ளுங்கள். 1969-ல் பிறந்து 2014-ல், 45 வயதிலேயே நம்மை விட்டுப் போய்விட்டவர். அவர் வாசித்தது எலெக்ட்ரிக் மாண்டலின். வழக்கமான நான்கு ஜோடிக் கம்பிகளைத் தூக்கிவிட்டு ஐந்து ஒற்றைக் கம்பிகள். சென்னை ஐ.ஐ.டி-யில் கப்பல் கட்டுமானம் படித்துவிட்டு, பாஸ்டனின் பெர்க்லி இசைக் கல்லூரிக்குப் போன கிடார் பிரசன்னாவும் எலெக்ட்ரிக் கிடாரில்தான் கர்னாடக சங்கீதம் வாசிக்கிறார். கமகம் என்பது என்ன? ஒரே மீட்டு. அந்த ஒரு மீட்டு அடங்குவதற்குள் கம்பியை இழுத்து, வழுக்கி, மூன்று நான்கு ஸ்வரங்களைத் தொட்டுவிட்டு வர வேண்டும். முதல் ஸ்வரம் கணீரென்று இருக்கும். கடைசி ஸ்வரம்? ஏறக்குறைய முனகலின் உயரத்துக்கு இறங்கியிருக்கும். தோடியின் காந்தாரம் அசைந்து அசைந்து ஓய்கிற அந்த நுனி செக்யூரிட்டியின் கண்ணுக்கு முனகலும் ஒன்றுதான். சாத்திவிடுவார்.

அதனால் இங்கே திருகுகள் வேறு. உயரத்தைத் தாழ்த்தி, மூடுவதை அரை செகண்ட், ஒரு செகண்ட் என்று இழுத்து, முழுக்கச் சாத்தாமல் ஒருக்களித்து வைக்க வேண்டும். பல பெட்டிகளில் அதற்கும் ஒரு திருகு உண்டு. கொஞ்சம் முனகல் மிஞ்சும். மிஞ்சட்டும், பாட்டு ஐந்து கட்டையாக இருந்தால் கேட்கிறவர்கள் தம்புரா என்று நினைத்துக்கொள்வார்கள்.